சம்மர் சொன்ன பதிலும் டாம் கேட்ட பதிலும்

"'500 டேஸ் ஆஃப் சம்மர்' படத்தை நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் மூன்று பேர் சம்மரை ஏமாற்றுக்காரி என்றார்கள். மற்றவர்கள் டாம்மீதுதான் தவறு என்றார்கள். இரவு இரண்டு மணி வரை வாக்குவாதம். ஒரு காதல் நகைச்சுவைப் படத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? உண்மையில் நியாயம் யார் பக்கம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நியாயத்தின் பெரும்பகுதி சம்மர் பக்கம் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் அவள்மீது எனக்கும் வருத்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் படத்தை நான் தனியாகப் பார்த்ததைவிடப் பிறரோடு உட்கார்ந்து பார்த்ததே அதிகம். எந்தக் காட்சியில் யார் சிரிக்கிறார்கள், யார் நெளிகிறார்கள், யார் கோபப்படுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வாழ்த்து அட்டைகளுக்கு வாசகம் எழுதும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன் டாம். கட்டடக்கலை படித்தவன், படித்த வேலைக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டவன். ஒருத்தி வருவாள், அவள்தான் தனக்கென்று பிறந்தவள், அவள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிறு வயதிலிருந்தே நம்புகிறவன். அலுவலகத்துக்குப் புதிதாக வரும் சம்மருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. பெற்றோரின் மணமுறிவைப் பார்த்து வளர்ந்தவள் அவள். இருவரும் நெருங்குகிறார்கள், பிரிகிறார்கள். அவள் வேறொருவனை மணந்துகொள்கிறாள். அந்த 500 நாட்களைப் படம் வரிசையாகச் சொல்வதில்லை. 488-ஆம் நாளில் தொடங்கி முதல் நாளுக்குப் போகிறது. அங்கிருந்து 290-க்குத் தாவுகிறது, மறுபடி பின்னோக்கி வருகிறது. பிரிவை நினைத்து உழலும் மனம் எப்படித் தாவுமோ அப்படி.

இயக்குநர் மார்க் வெப்புக்கு இது முதல் முழுநீளப் படம். அதற்கு முன் அவர் இசைக் காணொளிகள் எடுத்துக்கொண்டிருந்தார். 2009 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிட்டபோது பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே ஆண்டு ஜூலை 17 அன்று அமெரிக்காவில் சில திரையரங்குகளில் மட்டும் வெளியானது. ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாவது படம் வந்திருந்த அதே வாரம். பெரிய படத்தின் நிழலில் இது நசுங்கிப் போயிருக்க வேண்டியது. ஆனால் பார்த்தவர்கள் பேசினார்கள், பார்க்காதவர்கள் தேடிப் போனார்கள். சுமார் 75 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 6 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கோல்டன் குளோப் விருதுக்கு இரண்டு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. திரைக்கதைக்கு இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருது கிடைத்தது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்கள் கொடுத்தார்.

எல்லோருக்கும் பிடித்த படமாயிற்றே, பிறகு எதற்குச் சண்டை என்று தோன்றலாம். இரு தரப்புக்கும் படம் பிடித்துத்தான் இருக்கிறது. பிடித்துப்போனவர்கள்தான் இப்படிச் சண்டை போடுகிறார்கள்.

இது காதல் கதை அல்ல என்று தொடக்கத்திலேயே பின்னணிக் குரல் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஓர் ஆண் ஒரு பெண்ணைச் சந்திக்கும் கதை, ஆனால் காதல் கதை அல்ல. நான் கவனித்தவரை, அரங்கில் ஒருவரும் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதில்லை. அழகான நாயகி, கூச்சம் நிறைந்த நாயகன், மின்தூக்கியில் அவன் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டைத் தனக்கும் பிடிக்கும் என்று அவள் சொல்லும் காட்சி. இவ்வளவும் கண்முன்னே வந்தபின் எச்சரிக்கை யாருக்கு நினைவிருக்கும்? எத்தனையோ காதல் படங்கள் நமக்கு ஊட்டிய பழக்கம், குரலைவிட வலியது. சண்டையில் பிரிந்தாலும் கடைசி ரீலில் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறோம். தமிழ்ப் படங்களில் வளர்ந்த நமக்கு இது இன்னும் ஒரு படி கூடுதல். விடாமல் பின்தொடர்கிற நாயகனுக்கு முடிவில் காதல் கிடைத்தே தீரும் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து, அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் குரலை நாம் கேட்காமல் விட்டதுபோலவேதான் டாமும் சம்மரைக் கேட்காமல் விடுகிறான். இரண்டும் ஒரே தவறு. படத்தின் நுட்பம் முழுவதும் அங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

சம்மர் எதையாவது மறைத்தாளா என்று வரிசையாகப் பாருங்கள். அலுவலக நண்பர்களோடு பாட்டுப் பாடப் போகும் இரவில், காதல் என்ற ஒன்றில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று டாமின் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். நெருக்கம் தொடங்கியதும், இது தீவிரமான உறவாக வேண்டும் என்று தான் தேடவில்லை, பரவாயில்லையா என்று கேட்கிறாள். பரவாயில்லை என்று அவன் சொல்கிறான். அந்த 'பரவாயில்லை' ஒரு பொய். படத்தில் முதலில் பொய் சொன்னவன் டாம்தான். பிறகு ஒரு மதுக்கடையில் அவளைத் தொந்தரவு செய்தவனை அடித்துவிட்டு, அவள் வீட்டுக்குப் போனதும் தாங்கள் காதலர்கள் என்று கத்துகிறான். நண்பர்கள் என்பதுதான் அவள் சொன்ன சொல். அன்றிரவே அவள் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். நாளை காலை உன் மனம் மாறிவிடாது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்கிறான் டாம். அந்த உறுதியை என்னால் தர முடியாது, யாராலும் தர முடியாது என்கிறாள் சம்மர்.

இதைவிட நேர்மையான பதிலை எந்தக் காதல் படத்திலும் நான் கேட்டதில்லை. ஆனால் அந்த இடத்தில் அரங்கில் எழும் பெருமூச்சு 'அப்பாடா, வந்துவிட்டாளே' என்ற நிம்மதிப் பெருமூச்சுதான். அவள் வந்து நிற்பது தெரிகிறது, அவள் சொன்னது காற்றில் போய்விடுகிறது.

தமிழ் இலக்கணத்தில் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்பார்கள். 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்' என்று தொல்காப்பியம் அதை விளக்குகிறது. மறுமொழி பெறாதவன் தானே பேசி, தானே மகிழ்ந்துகொள்வது. டாமை முதல் முறை பார்த்தபோது எனக்கு இந்த வரிதான் நினைவுக்கு வந்தது. இப்போது யோசித்தால் வரி முழுதாகப் பொருந்தவில்லை. கைக்கிளைத் தலைவனுக்கு மறுமொழி கிடைக்கவில்லை. டாமுக்குக் கிடைத்தது, அதுவும் பலமுறை, தெளிவான சொற்களில். அவன் அவற்றைத் தனக்கு வேண்டிய பதிலாக மாற்றிக் கேட்டுக்கொண்டான்.

அப்படியிருந்தும் உங்கள் நண்பர்கள் மூன்று பேர் அவளை ஏமாற்றுக்காரி என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். படம் அவர்களை அங்கேதான் உட்கார வைக்கிறது. நாம் காண்பது முழுக்க டாமின் நினைவு. டாம் இல்லாத இடத்தில் சம்மர் என்ன நினைத்தாள், யாரிடம் என்ன பேசினாள் என்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. அவளுக்கு என்று ஒரு தோழிகூட நம் நினைவில் நிற்பதில்லை. வண்ணத்தில்கூட இதைச் செய்திருக்கிறார்கள். நீலத்தைப் பெரும்பாலும் சம்மருக்கென்றே ஒதுக்கி வைத்தார் இயக்குநர். சம்மராக நடித்த ஸோயி டெஷனலின் கண்கள் நீலம். அவளோடு முதல் இரவைக் கழித்த மறுநாள் காலை டாம் தெருவில் ஆடிக்கொண்டே போகிறான். எதிரில் வருகிற எல்லோரும் நீல உடையில் இருக்கிறார்கள், வரைந்த நீலப்பறவை ஒன்று அவனிடம் பறந்து வருகிறது. ஊரே அவள் நிறம் பூண்டுவிட்டது. நானும் அந்தக் காட்சியில் ஒவ்வொரு முறையும் சிரித்து மகிழ்ந்துவிடுகிறேன். அதே மகிழ்ச்சியோடு அவன் மின்தூக்கிக்குள் போகிறான், கதவு மூடுகிறது. மீண்டும் திறக்கும்போது மாதங்கள் கடந்துவிட்டன, உள்ளே ஒடிந்துபோன முகத்தோடு நிற்கிறான். இந்த இடத்தில் அரங்கின் சிரிப்பு சட்டென்று அறுந்துபோவதை ஒருமுறையாவது கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கோயம்புத்தூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு கூடத்தில் படங்கள் திரையிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதைத் திரையிட்டபோது நாற்பது பேர் இருந்திருப்போம். எல்லோரும் காத்திருக்கும் காட்சி, திரை இரண்டாகப் பிரியும் காட்சி. பிரிந்து சில மாதங்கள் கழித்து சம்மர் தன் வீட்டு மொட்டைமாடி விருந்துக்கு டாமை அழைத்திருக்கிறாள். இடப்பக்கம் அவன் எதிர்பார்த்தது, வலப்பக்கம் நடந்தது. இடப்பக்கத்தில் அவள் கதவைத் திறந்து இறுக அணைக்கிறாள். வலப்பக்கத்தில் பட்டும் படாமலும் ஓர் அணைப்பு. இடப்பக்கத்தில் இருவரும் தனியாகப் பேசிச் சிரிக்கிறார்கள். வலப்பக்கத்தில் அவன் மற்ற விருந்தினர்களோடு மேசையின் ஒரு மூலையில். முதல் அரை நிமிடம் கூடத்தில் சிரிப்பு. பிறகு அது குறைந்து, அவள் விரலில் மோதிரம் தெரியும் கணத்தில் ஒரு சத்தமும் இல்லை. இடப்பக்கம் மறைந்து, நடந்தது மட்டுமே திரை முழுவதையும் நிறைத்துக்கொள்கிறது. படியிறங்கி ஓடும் அவனைச் சுற்றித் தெரு பென்சில் கோட்டோவியமாக மாறி அழிந்துபோகிறது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு பெண்மணி, "அழைப்பை அழைப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் இந்த அழுகை ஏது?" என்று மெதுவாகச் சொன்னார். இரண்டும் உண்மையான எதிர்வினைகள். படம் முடிந்தபின் இந்த இருவருக்கும் இடையேதான் பேச்சு சூடுபிடித்தது, உங்கள் அறையில் நடந்ததைப் போலவே.

சம்மர்மீது எனக்கு இருக்கும் வருத்தம் இந்த இடத்தைச் சார்ந்தது. விருந்துக்கு முன் ஓர் அலுவலகத் தோழியின் திருமணத்தில் இருவரும் சந்திக்கிறார்கள், நடனமாடுகிறார்கள். திரும்பும் ரயிலில் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போகிறாள். அப்போதே அவள் வாழ்க்கையில் இன்னொருவன் இருக்கிறான். பிறகு பூங்காப் பெஞ்சில் டாம் அதைக் கேட்கும்போது, அவன் அப்போது என்னிடம் மணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கவில்லை என்கிறாள். அப்படியானால் என்னோடு ஏன் ஆடினாய் என்கிறான். ஆட வேண்டும்போல் இருந்தது, ஆடினேன் என்கிறாள். அது அவள் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் தன்னால் பட்ட காயம் இன்னும் ஆறாதவன் என்று தெரிந்த ஒருவனை வீட்டுக்கு அழைக்கும்போது ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். விரலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விட்டது கொடுமைதான். 'ஏமாற்றுக்காரி' என்ற சொல்லுக்கு அது போதாது. 'அக்கறையில்லாமல் நடந்துகொண்டாள்' என்று உங்கள் நண்பர்கள் சொல்லியிருந்தால் நானும் தலையசைத்திருப்பேன்.

படத்தை எடுத்தவர்களும் நடித்தவர்களும் இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் என்பது சுவையான விஷயம். டாமாக நடித்த ஜோசஃப் கார்டன்-லெவிட் பல ஆண்டுகளாக ரசிகர்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். என் பாத்திரத்தின்மீது மயக்கம் கொண்டவர்கள் படத்தை மறுபடியும் பாருங்கள், அவன் எவ்வளவு சுயநலக்காரன் என்பது தெரியும் என்று 2012-இல் ஒரு பேட்டியில் சொன்னார். சம்மரை இன்னும் மன்னிக்க முடியவில்லை என்று 2018-இல் ஒரு ரசிகர் எழுதியபோது, பெரும்பாலும் டாம்மீதுதான் தவறு, அவன் காது கொடுத்துக் கேட்பதில்லை, நல்லவேளையாக முடிவில் கொஞ்சம் வளர்கிறான் என்ற பொருளில் அவரே பதில் எழுதினார். தான் நடித்த நாயகனுக்கு எதிராக ஒரு நடிகர் இத்தனை ஆண்டுகள் வாதாடுவது அரிது.

திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவரான ஸ்காட் நியூஸ்டாட்டர் தன் சொந்தக் காதல் தோல்வியிலிருந்து இந்தக் கதையை எடுத்தவர். மனக்கசப்போடு எழுதத் தொடங்கினார் என்பதற்குப் படத்தின் தொடக்கத்தில் திரையில் வரும் அறிவிப்பு அட்டையே சாட்சி. எல்லாம் கற்பனை என்று சொல்லிவிட்டு ஒரு பெண்ணின் பெயரைக் குறிப்பிட்டு வசை பாடுகிறது அது. அரங்கில் அங்கே பெருஞ்சிரிப்பு எழும். எனக்கு அது பிடிக்கவில்லை. படம் பிறகு பொறுமையாகக் கட்டப்போகிற நேர்மைக்கு அந்த ஒற்றை வசை எதிராக நிற்கிறது, சம்மரைத் திட்ட விரும்புகிறவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே அனுமதிச் சீட்டு கொடுத்துவிடுகிறது. ஆனால் நியூஸ்டாட்டர் சொன்ன இன்னொரு செய்தி என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. அந்தப் பெண்ணிடமே பிற்பாடு கதையைக் காட்டினாராம். படித்துவிட்டு, டாமோடுதான் தன்னால் ஒன்ற முடிந்தது என்றாராம் அவர். தான் சம்மராக எழுதப்பட்டிருப்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. அவரவர் நினைவில் அவரவர்தான் டாம். கதையைச் சொல்கிறவர் கையில் கேமரா இருக்கிறது, அவ்வளவே.

மறுதரப்பில் ஒரு வலுவான குற்றச்சாட்டும் உண்டு. மந்தமாகக் கிடக்கும் நாயகனின் வாழ்க்கைக்கு வண்ணம் பூசுவதற்கென்றே வந்து போகிற விசித்திரமான, துள்ளலான பெண் பாத்திரங்களுக்கு நேதன் ராபின் என்ற அமெரிக்க விமர்சகர் 2007-இல் ஒரு பட்டப்பெயர் வைத்தார். சம்மரும் அதே அச்சில் வார்த்தவள்தான், பழைய பாடல்களும் பழைய பாணி உடைகளும் தவிர அவளுக்கு என்ன இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். அவள் டாமின் பார்வையில் தெரிகிற பெண், அது முதிராத பார்வை, அதற்கான விலையைத்தான் அவன் கொடுக்கிறான் என்று மார்க் வெப் விளக்கம் சொன்னார். நான் அந்த விளக்கத்தை ஏற்கிறேன், ஆனால் முக்கால் பங்குதான். ஒரு பெண்ணை மேலோட்டமாகப் பார்ப்பதன் தவறைக் காட்டும் படமும், கடைசி வரை அவளை மேலோட்டமாகவே காட்டிவிட்டுப் போகலாமா? பெஞ்சுக் காட்சியில் அவள் பேசும் சில வரிகள் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. தான் வைத்த பட்டப்பெயர் கைமீறிப் போய்விட்டது, எந்தப் பெண் பாத்திரம் வந்தாலும் ஒட்டுகிறார்கள் என்று வருந்தி 2014-இல் ராபினே மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

பெஞ்சு என்றதும் ஒன்று. லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் ஏஞ்சல்ஸ் நோல் என்ற சிறு பூங்காவில் படமாக்கிய இடம் அது. படத்துக்குப் பிறகு ரசிகர்கள் அந்தப் பெஞ்சைத் தேடிப் போய் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் பூங்காவையே மூடிவிட்டார்கள். அங்கே போனவர்கள் பெரும்பாலும் டாமின் சோகத்தில் பங்கெடுக்கப் போனவர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் காட்சியில் சம்மர் சொல்வதுதான் பார்வையாளர்களைக் கடைசியாகப் பிளக்கிறது. ஒரு கடையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், ஒருவன் வந்து அதைப் பற்றிக் கேட்டான், இப்போது அவன் என் கணவன் என்கிறாள். விதி, காதல் என்று நீ சொன்னதெல்லாம் சரிதான், என் விஷயத்தில்தான் நீ சரியில்லை என்கிறாள். சிலருக்கு இது தாங்க முடியாத அவமதிப்பு. நம்பிக்கை இல்லை என்று சொன்னவளுக்கு அவனிடம் மட்டும் எப்படி வந்தது? எனக்கோ இது படத்தின் மிகக் கனிவான இடம். டாமோடு இருந்தபோது தன்னிடம் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி அவள் நடிக்கவில்லை. பின்னர் வந்தபோது வந்துவிட்டது என்று ஒளிக்காமல் சொல்கிறாள். மனம் மாறாது என்று யாராலும் உறுதி தர முடியாது என்று அன்றிரவு சொன்னாளே, அந்தச் சொல் அவளுக்கும் பொருந்துகிறது.

முடிவைப் பற்றிச் சுருக்கமாக. 1893-இல் கட்டிய பிராட்பரி கட்டடத்தில் கட்டடக்கலை வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறான் டாம். அங்கே ஒரு பெண்ணைச் சந்திக்கிறான், பெயர் ஆட்டம் (Autumn), ஆங்கிலத்தில் இலையுதிர்காலம் என்று பொருள். நாள் எண் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. பாதிக் கூட்டம் கைதட்டும், பாதிக் கூட்டம் தலையில் அடித்துக்கொள்ளும். கோடை போய் இலையுதிர்காலம் வந்தது என்ற சொல் விளையாட்டு தேவைக்கு மீறிய அலங்காரம் என்றுதான் நானும் நினைக்கிறேன். அவன் திருந்தினானா என்பதற்கு அந்தப் பெயரில் விடை இல்லை. படித்த வேலையைத் தேடி அவன் கிளம்பிவிட்டான் என்பதில் கொஞ்சம் இருக்கிறது.

நண்பர்களோடு மறுபடியும் பார்ப்பதாக இருந்தால் ஒரே ஒரு காட்சியைத் தவறவிடாதீர்கள். கிளோயி கிரேஸ் மொரெட்ஸ் நடித்த டாமின் தங்கை, வயதுக்கு மீறிய தெளிவோடு, நல்லதை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாய், அடுத்த முறை திரும்பிப் பார்க்கும்போது நன்றாகப் பார் என்கிறாள். அதன்பின் படம் பழைய காட்சிகளையே மறுபடி காட்டுகிறது, இம்முறை விட்டுப்போன துண்டுகளோடு. முதலில் பார்த்தபோது இசைத்தட்டுக் கடையில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அதே கடையில் அவன் கையைப் பற்ற நீட்டுகிறான், அவள் தன் கையை விலக்கிக்கொண்டு வேறு பக்கம் நகர்கிறாள். அந்தக் காட்சி வரும்போது படத்தை நிறுத்திவிட்டு, அன்று உங்களோடு சண்டை போட்ட மூவரிடமும் முதல் தடவை அந்தக் கை கண்ணில் பட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.